கண்ணாடி ஒட்டாத சுவர்

பின்னறையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது.

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் அப்படியே நின்றது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. பென்சில் முனை ஒடிந்தால் எவ்வளவு கேட்குமோ, அவ்வளவுதான். ஆனால் அவள் காது பல மாதங்களாக அந்தச் சத்தத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கேட்டுச்சா?"

வாசல் பக்கம் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கவில்லை. "என்னது?"

"பின் ரூம்ல. கண்ணாடி உடைஞ்ச மாதிரி."

"பல்லியா இருக்கும்."

"பல்லி ஒரு தடவை சொல்லிட்டு நிறுத்துமா? எழுந்து வாங்க."

"வாரத்துல ஒரு நாள் லீவு. அதையும் பல்லிக்கே குடுத்துடுறேன்" என்று முனகியபடி அவர் எழுந்து வந்தார்.

பின்னறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரைவரை சாய்வாக ஓடியது அந்த விரிசல். அதற்குக் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டு, இரு முனைகளும் சுவரோடு சேர்த்துப் பூசப்பட்டு ஒட்டியிருந்தது. குடியிருப்பின் இன்ஜினியர் ஒட்டிவிட்டுப் போனது. "கண்ணாடிக்கு வளையத் தெரியாதும்மா. சுவர் அசைஞ்சா உடைஞ்சிடும். உடைஞ்சா சொல்லி அனுப்புங்க" என்றிருந்தார்.

இப்போது அது நடுவில் இரண்டாகப் போயிருந்தது.

"உடைஞ்சது கண்ணாடிதானே? சுவர் இல்லையே" என்று கணவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. விரிசலுக்கு நேர் கீழே, புது விரிப்பு விரித்து, தலையணைக்கு உறை மாட்டி ஒரு கட்டில் தயாராக நின்றது. அவளுடைய ஒரே மகள், வயிற்றில் பிள்ளையோடு வந்து படுக்கப்போகிற கட்டில்.

பஸ் டிப்போ ஊழியர்களுக்காக எப்போதோ கட்டிய ஒற்றைமாடிக் குடியிருப்பு அது. கணவர் டிப்போவில் மெக்கானிக். அவளை அந்த வரிசையில் எல்லோரும் டெய்லரம்மா என்பார்கள். கணவரும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார், கொஞ்சல் வந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார். குரலைக் கேட்டுத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்பில் கணக்கு அவளைக் கைவிட்டது. மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, கணக்கில் மட்டும் விழுந்து, அதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மிஷினில் உட்கார்ந்தவள். அந்தக் காயம் ஆறிப்போனதாகத்தான் நினைத்திருந்தாள். மகள் கல்யாணமாகி வெளியூர் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாள். வெறிச்சோடிய வீட்டில் ஒரு மதியம், மகள் விரல் பட்ட பொருளாயிற்றே என்றுதான் அதைத் திறந்தாள். அதில் வரைபடம் போடுகிற ஒரு மென்பொருள் இருந்தது. "அம்மா, உன் கைக்குழி வளைவைக்கூட இதுல வரையலாம்" என்று மகள் படிக்கும் காலத்தில் ஒருமுறை காட்டியிருக்கிறாள்.

எக்ஸ் என்று ஒரு எழுத்தைத் தட்டினாள். ஒரு கோடு வந்தது. எக்ஸை எக்ஸாலேயே பெருக்கச் சொன்னாள். கோடு வளைந்து கிண்ணமாயிற்று. பக்கத்தில் ஒரு ஸ்லைடர், இழுத்தால் நகர்கிற சின்னப் பொத்தான். அதை மவுஸால் பிடித்து இழுத்தால் கிண்ணம் அகன்றது, ஒடுங்கியது, பூஜ்யத்தைத் தாண்டினால் கவிழ்ந்துகொண்டது. யாருமில்லாத வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இதுதானா அது? இதற்குத்தானா அன்றைக்கு அப்படி அழுதோம்?

பிறகு மதியங்கள் எல்லாம் அதற்கே போயின. இரண்டு வளைவுகளை ஒட்டி ஒரு சட்டையின் கைக்குழியை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு நாள், ஒன்றை எக்ஸால் வகுத்துப் பார்த்தாள். பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று பள்ளியில் அவள் கேட்டதற்கு, "கூடாதுன்னா கூடாது, உட்காரு" என்றிருந்தார் கணக்கு சார். திரையில் அந்தக் கோடு பூஜ்யத்தை நெருங்க நெருங்கத் தலைதெறிக்க மேலே ஓடியது. மறுபக்கமோ அதலபாதாளத்தில் கிடந்தது. நடுவில் கோடே இல்லை. நல்ல துணி குறுக்கே கிழிந்த மாதிரி ஒரு இடைவெளி. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஏனோ முதுகு சில்லிட்டது. அமைதியாகப் போகிற கோடு, ஒரு இடத்தில் இப்படியும் ஆகுமா?

அந்தச் சில்லிப்புதான் விரிசலைப் பார்க்கும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது.

கண்ணாடி உடைந்ததைச் சொல்லி அனுப்பியதும் இன்ஜினியர் வந்தார். புதுக் கண்ணாடி ஒட்டினார். "பழைய கட்டடம், கொஞ்சம் உட்காரத்தான் செய்யும்" என்றார்.

"உட்காரட்டும் சார். படுக்காம இருந்தா சரி" என்றார் கணவர். இருவரும் சிரித்தார்கள்.

உடைந்ததா இல்லையா என்றுதான் கண்ணாடி சொல்லும். எவ்வளவு என்று யார் சொல்வது? சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்பான கேன்வாஸை அவள் நகம் அகலத்துக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டாள். வாரம் ஒரு முறை, கணவர் வேலைக்குப் போன பிறகு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரிசலுக்குள் நுழைத்து, இறுகும்வரை எத்தனை போகிறது என்று பார்த்தாள். அதைக் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியாக வைத்தாள். வாரத்துக்கு ஒரு புள்ளி. திரையில் அவை குண்டூசித் தலைகள் மாதிரி நீல நிறத்தில் நின்றன.

போதுமான புள்ளிகள் சேர்ந்ததும், இவற்றின் வழியே ஒரு கோடு போடு என்றாள். மென்பொருள் முதலில் ஒரு நேர்கோட்டைப் போட்டது. அது புள்ளிகளுக்கு நடுவே போனது, ஆனால் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"என்ன தையல் இது, எங்கயும் ஒட்டாம?" என்று அவள் முகம் சுளித்தாள். உடம்பில் படாமல் நிற்கிற சட்டையை எந்தத் தையல்காரி ஏற்றுக்கொள்வாள்?

கோட்டின் படியை, அதாவது அது எத்தனை முறை வளையலாம் என்பதை, உயர்த்தலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. உயர்த்தினாள். கோடு ஒரு முறை வளைந்தது. இன்னும் உயர்த்தினாள். இரண்டு வளைவு, மூன்று வளைவு. ஒவ்வொரு முறையும் இன்னும் சில புள்ளிகளுக்குப் பக்கத்தில் போயிற்று. எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஒரு எண் ஓரத்தில் ஏறிக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்று என்று நின்றது. முழுப் பொருத்தம். கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டது. அளவெடுத்துத் தைத்த மாதிரி, ஒரு நூலிழை விலகலில்லை. கணக்கில் தோற்றவளுக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் முழு மதிப்பெண்.

அந்தப் பெருமையோடுதான், கடைசிப் புள்ளிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று திரையை நகர்த்தினாள்.

கோடு நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. சுவர் மாதிரி ஏறித் திரையின் உச்சியைத் தாண்டிப் போய்விட்டது. எந்த மாதத்தில் என்று கட்டங்களை எண்ணிப் பார்த்தாள். மகளுக்குப் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்த அதே மாதம்.

மகளின் முதல் கர்ப்பம் நிற்கவில்லை. மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், தனியாக மாடிப்படியில் இறங்கியபோது கால் தவறியவள், எத்தனையோ நேரம் அப்படியே கிடந்திருக்கிறாள். "இந்தத் தடவை உன்னைத் தனியா விடமாட்டேன்டி, என் மடியிலயே வச்சுக்குவேன்" என்று வாக்குக் கொடுத்தவள் இந்தத் தாய்தான்.

போன் வந்தது.

"அம்மா, அவரு டிக்கெட் போடட்டுமான்னு கேக்குறாரு."

"இப்ப வேண்டாம்டி."

"அடுத்த வாரமா?"

"அடுத்த வாரமும் வேண்டாம்." வாயில் வந்த பொய்யைச் சொன்னாள். "ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் மலையா குவிஞ்சு கிடக்கு. உன்னைப் பார்த்துக்க எனக்கு எங்க நேரம்?"

"போன தடவை தனியா இருந்ததாலதான்மா விழுந்தேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். திறந்தால் அழுகைதான் வரும். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம், இந்த வீடு இடியப்போகிறது என்றா சொல்வது? கணவரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அடுத்த நிமிடமே மகளுக்குப் போன் போட்டு அதையும் ஒரு ஜோக்காகச் சொல்வார்.

"சரிம்மா. நீ தை" என்று மகள் வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு சொற்கள் அவள் நெஞ்சில் மிஷின் ஊசி மாதிரி இறங்கி ஏறி, இறங்கி ஏறி, நாள் முழுக்கக் குத்தின.

கணவர் சேதி தெரிந்து வெடித்தார். "பெத்த பொண்ணைவிட யூனிபார்ம் பெருசாப் போச்சா டெய்லரம்மாவுக்கு?" அன்றிலிருந்து முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. பின்னறையில் அவள் ஈர நாற்றத்தோடு நின்று விரிசலைத் தடவிக்கொண்டிருந்தாள். சுவர் தன்னிடம் ஏதோ சொல்ல வருவது போலவும், சொல்லாமல் விழுங்கிவிடுவது போலவும் இருந்தது. வாசல் கதவுகூட மழைக்கு முறுக்கிக்கொண்டு நிலையில் உரசியது. "மரம் ஊதியிருக்கு" என்று கணவர் இழைப்புளி வாங்கி வந்து கதவின் விளிம்பைச் சீவிவிட்டார். மிஷினிலிருந்து நழுவிய நூல்கண்டு ஒன்று உருண்டு, அவர் காலடியில் போய் நின்றது.

"எது விழுந்தாலும் வாசலுக்கே ஓடி வருது. உன் நூல்கண்டுக்குக்கூட இந்த வீட்டுல இருக்கப் பிடிக்கலை" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். அதுதான் அந்த வாரத்தில் அவர் அவளிடம் பேசிய ஒரே பேச்சு. அவளுக்கு அது குத்தலாகத்தான் கேட்டது. வேறெதுவும் தோன்றவில்லை.

மழை ஓய்ந்து சில வாரம் கழித்து ஒரு நாள் எதிர் வரிசை நர்ஸ் கிழிந்த சட்டையோடு வந்தாள்.

"பாருங்க டெய்லரம்மா, உங்க வேலையை! நின்னா என்னமா இருக்கு தெரியுமா? வார்டுல எல்லாரும் யாரு தைச்சதுன்னு கேட்டாங்க. ஒரு பேஷண்டைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன், கக்கத்துல பர்ர்னு போச்சு. நான் பேஷண்டைப் பிடிக்கிறதா, என் மானத்தைப் பிடிக்கிறதா?"

"லூஸ் விடலையா நான்?"

"என்கிட்ட கேக்குறீங்களே! நானா தைச்சேன்?"

இத்தனை வருஷத்தில் அவள் செய்யாத தப்பு. மனசு எங்கோ இருந்ததால் கை மறந்திருக்கிறது. நர்ஸ் போனதும் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். நாலு தையல் பிரித்திருப்பாள். பிளேடு பிடித்த கை நின்றுவிட்டது.

நிற்கிற உடம்பை ஒட்டி ஒட்டித் தைத்த சட்டை, அசைகிற உடம்புக்குக் கிழியும். அசைவுக்கு இடம் விட்டால்தான் அது சட்டை. இது அவள் தொழிலின் முதல் பாடம். அப்படியானால் எல்லாப் புள்ளியையும் ஒட்டிக்கொண்டு போன அந்தக் கோடு?

எழுந்து ஓடினாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள். புள்ளிகளில் ஒன்றை மட்டும் நீக்கினாள்.

வானத்துக்கு ஏறிய கோடு தலைகீழாகக் கவிழ்ந்தது. பூஜ்யத்துக்கும் கீழே விழுந்து, விரிசல் தானாக மூடிக்கொண்டு சுவர் சுவருக்குள் புகுந்துவிடும் என்றது! புள்ளியைத் திரும்ப வைத்தாள். மறுபடி ஏறியது. வேறொன்றை நீக்கினாள். அது இன்னொரு கதை சொன்னது. ஒரு புள்ளிக்கு ஒரு பேச்சு. அப்புறம் நினைவு வந்தது. ஒரே ஒரு வாரம் மட்டும் பழைய கேன்வாஸ் கைக்குக் கிடைக்காமல், புது உருளையிலிருந்து வெட்டிய துண்டுகளால் அளந்திருந்தாள். புதுசு தடிமன் அதிகம். அவளுடைய கைத்தப்பையும் சுவரின் அசைவாக நம்பி, அதையும் விடாமல் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது அந்தக் கோடு.

நேர்கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தாள். எந்தப் புள்ளியை நீக்கினாலும் அது கொஞ்சம் நெளிந்ததே தவிர, இடம் மாறவில்லை. எதையும் தொடாத கோடு. ஆனால் நிதானமான கோடு. விரிசல் மெல்ல, மிக மெல்லத்தான் போகிறது என்றது அது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

மாலை கணவர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சிரிக்கவில்லை. அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

"இத்தனை நாளா இதை மனசுல வச்சுக்கிட்டா மிஷின் மிதிச்சே?" என்றார். பிறகு, "சரி, இந்த நேர்கோடு உறுதியா?"

"உறுதின்னு அதுவும் சொல்லாதுங்க. இதுவரைக்கும் அளந்ததை வச்சு இவ்வளவுதான் தெரியும்னு சொல்லுது. அதனால அந்தச் சுவர்ப் பக்கமே வேண்டாம். முன் ரூம்ல கட்டில் போடலாம். அங்க ஒரு கீறல்கூட இல்லை."

இருவருமாகக் கட்டிலைத் தூக்கி வந்து முன்னறையில், வாசல் சுவரை ஒட்டிப் போட்டார்கள்.

மறுவாரம் மகள் வந்தாள். விருந்தாளி மாதிரிதான் வந்தாள். "செக்கப்புக்கு இந்த ஊரு ஆஸ்பத்திரிக்கு வந்தோம், சாயங்காலமே திரும்புறோம். அவரு தெருமுனைல ஆட்டோவை நிறுத்தி வச்சிருக்காரு. நேரமில்லை" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கணவர் டிப்போவுக்குப் போயிருந்தார்.

"யூனிபார்ம் எல்லாம் தைச்சு முடிச்சாச்சா?"

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டு, தாய் அவளைக் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் அழைத்துப் போனாள். கோட்டைக் காட்டினாள். புள்ளியை நீக்கினாள். வைத்தாள். மகளின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"இந்தக் கோட்டோட பேச்சைக் கேட்டா என்னை வராதேன்னே?"

"எல்லாப் புள்ளியையும் தொட்டுச்சுடி. ஒண்ணுன்னு மார்க் போட்டுச்சு."

"படியை அவ்வளவு ஏத்தினா அது அப்படித்தான்மா ஆடும்! என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

"கேட்டா நீ பயந்துடுவேன்னு..."

"இப்ப மட்டும் என்ன? அம்மாவுக்கே நான் வேண்டாமாப் போயிட்டேன்னு ராப்பகலா அழுதேன். அதுக்கு வீடு இடிஞ்சா தேவலை!"

"வாயை அலம்பு முதல்ல!" என்று தாய் அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை மகள் விடவில்லை. அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். தாயும் மகளும் அழுத அழுகையில் வயிற்றுப் பிள்ளை உதைத்தது. "பாரு, என்னோட சேர்ந்து அவனும் உன்கிட்ட சண்டைக்கு வரான்" என்று மகள் கண்ணீரோடு சிரித்தாள்.

"எப்ப வரே?"

"வர்ற வாரம், பெட்டி படுக்கையோட. பிள்ளை பொறந்து நடக்கிற வரைக்கும் போகமாட்டேன். உன் மிஷின் சத்தத்துலதான் அவன் தூங்கணும்."

மகள் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்திருக்க மிஷின் மேசையைப் பிடித்தபோது நூல்கண்டு ஒன்று கை பட்டு விழுந்தது. தரையில் சிவப்பு நூல் விரிய விரிய அது தயங்காமல் உருண்டு, வாசல் மூலைக்குப் போய் நின்றது. மகள் வாசல் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தட்டிப் பார்த்தாள்.

"இது கெட்டிச் சுவர்தானேம்மா?"

"கல்லு மாதிரி. கண்ணாடி ஒட்டக்கூட அவசியமில்லை."

வெளியே ஆட்டோ ஒலி எழுப்பியது. "வரேன்மா. வெயில் கொளுத்துது, கதவைச் சாத்திக்கோ" என்று மகள் வயிற்றைத் தாங்கியபடி இறங்கி நடந்தாள். அவள் திரும்பித் திரும்பிக் கையாட்டுவதைத் தாய் கண் நிறையப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ மறைந்தது.

கதவைச் சாத்தினாள். அது சாத்திக்கொள்ளவில்லை.

கதவின் மேல் மூலை நிலையில் இடித்து நின்றது. மறுபடி தள்ளினாள். கணவர் சீவிவிட்ட அதே இடம்தான், மறுபடி உரசியது. மரம் ஊதியிருக்கும் என்று வாய் தன்னால் முணுமுணுத்தது. ஆனால் மழை நின்று எத்தனையோ வாரமாகிவிட்டது. வெயிலில் மரம் காய்ந்து சுருங்கித்தானே இருக்க வேண்டும்?

அவள் கண் காலடிக்குப் போனது. சிவப்பு நூல்கண்டு வாசல் மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எது விழுந்தாலும் இங்கேயே ஓடி வருகிறது. பின்சுவருக்கு வாரம் தவறாமல் ஒரு புள்ளி வைத்தாள். பிரித்தாள், சேர்த்தாள், தப்பைக்கூடக் கண்டுபிடித்தாள். இந்தச் சுவரை ஒரு நாளும் அளக்கவில்லை. அவளுடைய கோடுகள் எதிலும் இந்தச் சுவர் இல்லை. பின்னறையில் விரிசல் விட்டதே, அது எந்தப் பக்கம் இழுபட்டதால் வந்தது? இந்த வாசல் சுவர் உட்கார்ந்து இழுத்ததாலா?

முன்னறைக் கட்டிலில் மகள் உட்கார்ந்து எழுந்த குழிவு இன்னும் மறையவில்லை.

அவள் கதவில் தோளைக் கொடுத்து, முழு பலத்தையும் சேர்த்து ஒரு முறை இடித்தாள். நிலை முனகியது. மேலிருந்து அவள் தலையில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

கதவு சாத்திக்கொண்டது.